வியாபாரிகள் சங்கமும் ஊர்ச் செய்தியும்: விருதுநகர் பஜாரில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

விருதுநகர் பஜாரில் எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் வாரச் சுற்றறிக்கையைத் தொகுக்கும் வேலை என்னுடையது. சந்தா வாங்கப் போனாலும் சரி, சுற்றறிக்கையைக் கையில் கொடுக்கப் போனாலும் சரி, கடைக்குக் கடை ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்று. சங்கம் தனக்கென்று எழுதிவைத்திருக்கும் துணைவிதி மட்டும் சங்கத்துக்குச் சங்கம் மாறும், அதை உங்கள் செயலாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கத்துல சேர்ந்தா எனக்கு என்ன கிடைக்கும் அண்ணாச்சி?

முதலில் கிடைப்பது செய்தி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2022 ஜூலை 18-ஐ நினைத்துப் பாருங்கள். அதுவரை பிராண்டு பெயர் பதிவாகாத அரிசி, பருப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது. அன்றிலிருந்து 25 கிலோ வரை உள்ள, முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய மூட்டைக்கெல்லாம் 5 சதவீதம் வந்தது. முன்கூட்டியே தெரிந்த கடைக்காரர் இருப்பைக் கணக்கெடுத்து, பில் போடும் கம்ப்யூட்டரில் வரியை மாற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தெரியாதவருக்குக் கொள்முதல் பில் கைக்கு வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அதற்குள் பழைய விலைக்கே பல மூட்டைகளைக் கொடுத்திருந்தார். பிறகு 26 கிலோ அரிசி மூட்டை சந்தைக்கு வந்த கதை உங்களுக்கே தெரியும். ஒரு கிலோ ஏன் கூடியது என்று வாடிக்கையாளர் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அடுத்தது, அலுவலகங்களில் பேச ஓர் ஆள் கிடைப்பது. கடைத்தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் நகராட்சிக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக அலைய வேண்டியதில்லை. ஒரு மனு, ஒரு பதிவு எண், அதைத் தொடர்ந்து கேட்க ஒருவர் இருந்தால் போதும். தனி ஆள் கடையை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைய முடியும்?

மார்க்கெட் நிலவரம்தான் பேப்பர்லயே வருதே, அப்புறம் எதுக்கு உங்க சுற்றறிக்கை?

விருதுநகர் மார்க்கெட் நிலவரத்துக்குத் தமிழ்நாடு முழுக்க மதிப்பு உண்டு. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் 15 கிலோ டின் கணக்கில், பருப்பு 100 கிலோ மூட்டைக் கணக்கில், சர்க்கரை 50 கிலோ, மல்லி 40 கிலோ, வத்தல் குவிண்டால் என்று அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வெளியூர் மளிகைக்காரர்கள் போனை எடுக்கிறார்கள். எண்ணெய் ஆலைகள், பருப்பு மில்கள், கமிஷன் கடைகள் என மூன்றும் ஒரே ஊரில் இருப்பதால் வந்த மதிப்பு அது.

ஆனால் அந்தப் பட்டியலில் விலை மட்டும்தான் இருக்கும். வத்தல் ஏன் ஏறியது, ராமநாதபுரம் முண்டு வத்தல் வரத்து எப்படி இருக்கிறது, லோடுமேன் கூலிப் பேச்சு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்தத் தெருவில் எப்போது குழாய் தோண்டப் போகிறார்கள், எடைக்கருவிக்கு முத்திரை போடும் முகாம் எங்கே என்பதெல்லாம் அதில் வராது. முத்திரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை போட வேண்டும். தேதி தவறினால், தராசு ஒரு கிராம்கூடப் பிசகாமல் இருந்தாலும் அபராதம்தான். முகாம் நடப்பது தெரியாமலே அபராதம் கட்டியவர்கள் பஜாரில் இருக்கிறார்கள். சுற்றறிக்கை அவர்களுக்காகத்தான்.

சேர என்னென்ன வேணும்? கடை சின்னது, ஜிஎஸ்டி நம்பர்கூட இல்ல.

ஜிஎஸ்டி எண் இல்லை என்பதற்காக உங்களை யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. சட்டமே கேட்காத எண்ணைச் சங்கம் ஏன் கேட்க வேண்டும்? விண்ணப்பம், முகவரிச் சான்று, நகராட்சி உரிமம் அல்லது வாடகை ஒப்பந்தத்தின் நகல், ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவரின் முன்மொழிவு, சேர்க்கைக் கட்டணம், சந்தா. பெரும்பாலான சங்கங்களில் இவ்வளவுதான்.

ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வாங்குவது நானாக இருந்தாலும் சரி.

உத்யம் சான்றிதழ் இருக்கு, நல வாரிய அட்டையும் இருக்கு. அப்புறம் சங்கம் எதுக்கு?

மூன்றும் மூன்று வேலை. உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான ஒன்றிய அரசின் பதிவு. 2020 ஜூலை முதல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குக் கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசினுடையது அல்ல. 2021 ஜூலையில் சில்லரை, மொத்த வியாபாரிகளையும் அதில் சேர்த்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும்தான். பாக்கி வசூலுக்கான பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான் உண்டு. இது பின்னால் கடன் பாக்கி பற்றிய கேள்வியில் தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

தமிழ்நாடு வணிகர் நல வாரியம் 1989-ல் வந்தது. வணிகவரித் துறை வழியாகப் பதிவு செய்ய வேண்டும். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவி, மருத்துவ உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று பல திட்டங்கள் உண்டு. குடும்ப உதவி 1 லட்சமாக இருந்தது, 2021-ல் 3 லட்சமாக உயர்ந்தது. இன்றைய தொகையையும் தகுதியையும் வணிகவரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சங்க உறுப்பினர் அட்டை இருப்பதாலேயே வாரியப் பணம் வந்துவிடாது. பதிவு செய்யாமல் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு சங்க அட்டையோடு வந்து நின்ற அக்காமாரைப் பார்த்திருக்கிறேன். சங்கத்தால் ஆறுதல்தான் சொல்ல முடிந்தது. இன்றே பதிவு செய்யுங்கள்.

நாங்க வெளியூர். உறவின்முறையும் இல்ல. எங்களைச் சேர்த்துக்குவாங்களா?

இதை நேராகக் கேட்பவர்கள் குறைவு, மனதில் வைத்திருப்பவர்கள் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உறவின்முறை என்பது ஒரு சமூகத்தாரின் அமைப்பு. வியாபாரிகள் சங்கம் தொழில் செய்பவர்களின் அமைப்பு. இந்த ஊரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தவை என்பதால் வெளியூர்க்காரருக்குக் குழப்பம் வருகிறது. சங்கத்தில் சேர, கடை இந்த எல்லைக்குள் இருக்கிறதா, வியாபாரம் ஒழுங்காக நடக்கிறதா என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும். ராஜஸ்தானிலிருந்து வந்து ஃபேன்சி கடை வைத்திருப்பவரும் உறுப்பினராகலாம், கேரளத்து பேக்கரிக்காரரும் ஆகலாம்.

ஆனால் உறவின்முறை ஏற்படுத்திய ஒரு வழக்கத்திலிருந்து எல்லாச் சங்கமும் கற்றுக்கொள்ள வேண்டும். மகமை. விற்ற சரக்கில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கென்று எடுத்துவைப்பது. வீட்டில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாகப் போட்டுவைத்து அதையும் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்த காசில் 1889-ல் தொடங்கியதுதான் சத்திரிய வித்யாசாலா. இந்த ஊருக்கு விருதுபட்டி என்று பெயர் இருந்த காலத்தில் காமராஜர் படித்த பள்ளி. மழைக்குக்கூடப் பள்ளிப் பக்கம் ஒதுங்காத கணக்குப்பிள்ளையும் மூட்டை தூக்குபவரும் அதில் பங்கு கொடுத்தவர்கள். பணம் சிறியது. ஆனால் கொடுத்தவருக்கு அது எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கத் தெரிந்தது. இன்றைய சந்தாவில் குறைவது அதுதான் என்பது என் எண்ணம்.

கடை எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. காலையில இருந்து ராத்திரி வரை உக்கார்றது நான்தான். கூட்டத்துல ஓட்டு யாருக்கு?

துணைவிதியில் உறுப்பினர் என்று எழுதியிருப்பது உரிமையாளரையா நிறுவனத்தையா என்று பாருங்கள். நிறுவனம் என்று இருந்தால், உங்களைப் பிரதிநிதியாக நியமித்து உங்கள் கணவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். பேசவும் ஓட்டுப் போடவும் உங்களுக்கு உரிமை வந்துவிடும். உரிமையாளர் என்று இருந்தால், அந்த விதியைத் திருத்தப் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

விருதுநகரில் எத்தனையோ கடைகளில் கல்லாவில் பெண்கள் இருக்கிறார்கள், கூட்டத்தில் மட்டும் இல்லை. இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்தால் எப்படி வருவார்கள்? மதியம் மூன்று மணிக்கு, வியாபாரம் மந்தமான நேரத்தில் வையுங்கள் என்று நான் தொடர்ந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சந்தா ஒழுங்கா கட்டுறேன். அது போதாதா? கூட்டத்துக்கு வர நேரமே இல்ல.

சந்தா வாடகைக்கும் கரண்டு பில்லுக்கும் போய்விடும். சங்கத்தை நடத்துவது உங்களிடம் இருக்கும் தகவல்தான். முதல் கேள்வியில் சொன்ன ஜிஎஸ்டி விஷயமோ, முத்திரை முகாம் தேதியோ, யாரோ ஒரு கடைக்காரர் கேள்விப்பட்டு உடனே சொன்னதால்தான் மற்றவருக்குத் தெரிகிறது. எல்லாரும் சந்தாவை மட்டும் கட்டிவிட்டு வாய் திறக்காமல் இருந்தால் சுற்றறிக்கையில் போட எனக்கு ஒன்றும் இருக்காது.

எல்லாக் கூட்டத்துக்கும் வர வேண்டாம். ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வாருங்கள், கணக்கும் நிர்வாகிகள் தேர்வும் அங்கேதான். மற்ற நாட்களில் உங்கள் தொழிலில் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை மாதத்துக்கு ஒருமுறை சொல்லுங்கள். மருந்துக்கடைக்காரருக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைச் செய்தி முதலில் தெரியும். ஹோட்டல்காரருக்கு உணவுப் பாதுகாப்புச் செய்தி. லாரி புக்கிங் ஆபீஸ்காரருக்கு எந்தச் சோதனைச்சாவடியில் எதைக் கேட்கிறார்கள் என்பது. ஒவ்வொருவரும் ஒன்று சொன்னால் போதும்.

எனக்கு எழுத வராதே. செய்தியை எப்படி அனுப்புறது?

எழுத்துத் திறமை வேண்டாம். நான்கு விஷயம் வேண்டும்: என்ன, எங்கே, எப்போது, யார் சொன்னது. ஒரு செய்தி எனக்கு இப்படி வந்தது: ‘மெயின் பஜார்ல ரோடு மூடப் போறாங்களாம் எல்லாரும் உஷார்’. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எந்த முனையிலிருந்து எந்த முனை வரை, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, சொன்னது போலீஸா நகராட்சியா டீக்கடையா?

அதையே இப்படி அனுப்பியிருந்தால் அப்படியே அச்சுக்குப் போகும்: ‘பங்குனிப் பொங்கலுக்கு அக்னிச்சட்டி எடுக்கும் நாளில் தெப்பக்குளம் பக்கம் சரக்கு வண்டி விடமாட்டார்கள். போக்குவரத்துக் காவலர் கடைக்கு வந்து சொன்னார். லோடு இறக்க வேண்டியவர்கள் முந்தின இரவே இறக்கிக்கொள்ளவும்.’ ஆணையோ நோட்டீஸோ கையில் இருந்தால் அதைப் படமெடுத்து அனுப்புங்கள். எழுதவே வேண்டாம் என்றால் போன் செய்து சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்டிய பிறகே போடுவேன்.

வாட்ஸ்அப்ல வர்றதுல எது நிஜம், எது புரளின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்வோம். ‘செல்லாது’ என்று யாரோ கிளப்பிவிட, பஸ்ஸிலும் கடையிலும் வாங்க மறுத்து ஊரே அவதிப்பட்டது. பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அந்த அறிவிப்பை அச்சடித்துக் கல்லாவுக்கு மேல் ஒட்டிய கடைகளில் தகராறு நின்றது. ஒட்டாத கடைகளில் அதற்குப் பிறகும் நடந்தது.

இன்னொரு வகை, பாதி நிஜமானது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு வணிகவரி நோட்டீஸ் போனது நிஜம். அதைக் கேட்டு இங்கேயும் சிலர் கியூஆர் அட்டையைக் கழற்றிவைக்கலாமா என்றார்கள். வரி வருவது யுபிஐக்காக அல்ல, விற்றுமுதலுக்காக. ரொக்கமாக வாங்கினாலும் 40 லட்சத்தைத் தாண்டினால் தாண்டியதுதான். காய்கறி மாதிரி வரிவிலக்குள்ள பொருளை மட்டும் விற்பவருக்கு எவ்வளவு விற்றாலும் பதிவு தேவையில்லை. இந்த மூன்று வாக்கியத்தைச் சுற்றறிக்கையில் போட்டதும் பயம் அடங்கியது. பாதி நிஜத்துக்கு மீதிப் பாதியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘பொய், நம்பாதீங்க’ என்று மட்டும் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே ஆணை எண், தேதி, துறையின் பெயர் மூன்றும் இல்லாத செய்தியைப் பகிராதீர்கள். சந்தேகமாக இருந்தால் முதலில் ஆடிட்டருக்கோ செயலாளருக்கோ அனுப்புங்கள்.

எங்க கடை ஆடித் தள்ளுபடியைச் செய்தியா போடுவீங்களா?

விளம்பரமாகப் போடலாம், செய்தியாகப் போட முடியாது. புதுக் கிளை திறப்பு, ஐம்பதாம் ஆண்டு, பிள்ளையின் மதிப்பெண், இவையெல்லாம் செய்தி.

ஒரே ஊருக்கு எத்தனை சங்கம்? மாநிலத்துல பேரமைப்புங்கிறாங்க, பேரவைங்கிறாங்க. எதுல இருக்கிறது?

உள்ளூர்ச் சங்கம் உங்களுக்கு நேரடியானது. மாநில அமைப்பில் சங்கம்தான் சேரும், அதன் வழியாக நீங்கள். தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்புக்கு விக்கிரமராஜா தலைவர். 2024-ல் மறைந்த வெள்ளையன் நடத்தியது பேரவை. மே 5 வணிகர் தினம் என்பது இரண்டுக்கும் பொது, அன்று மாநாடும் கடை விடுமுறையும் இருக்கும். எதோடு இணைவது என்பதைப் பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும், தலைவர் மட்டும் அல்ல.

மளிகை, மருந்து, ஜவுளி, ஹோட்டல் என்று தொழில்வாரிச் சங்கங்களும் உண்டு. இரண்டிலும் இருக்கலாம். சாலை, சாக்கடை, சந்தை நேரம் எல்லாம் பொதுச் சங்கத்தின் வேலை. உரிமம், மார்ஜின், கம்பெனியோடு உள்ள வழக்கு எல்லாம் தொழில்வாரிச் சங்கத்தின் வேலை.

கடையடைப்புன்னு சங்கம் சொன்னா நான் கட்டாயம் அடைக்கணுமா?

கட்டாயம் இல்லை. சங்கம் கேட்டுக்கொள்ளலாம், வற்புறுத்த முடியாது. வற்புறுத்தி நடத்தும் பந்த் சட்டவிரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் 1997-ல் சொன்னதை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அடைக்காத கடைக்கு அபராதம் போடுவது, குழுவிலிருந்து நீக்குவது எதுவும் சரியல்ல. துணைவிதியில் அப்படி எழுதியிருந்தாலும் அதற்குப் பலம் இல்லை.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையடைப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும். பால், மருந்து, டிபன் கடைகளை எப்போதும் விட்டுவிட வேண்டும். தினக்கூலிக்கு வருகிற லோடுமேனுக்கு அன்று கூலி போகிறது. அதை யார் தருவது என்று தீர்மானம் போடும் கூட்டத்திலேயே பேச வேண்டும். அதைப் பேசாமல் போட்ட தீர்மானத்துக்கு நான் கை தூக்கியதில்லை.

எல்லாரும் உக்காந்து ஒரே விலைன்னு முடிவு பண்ணிட்டா போட்டியே இருக்காதே? சங்கம் ஏன் செய்யல?

செய்யக் கூடாது. 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி, ஒரே தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து விலை நிர்ணயிப்பது சட்டமீறல். சங்கத்தின் பெயரில் செய்தாலும் அப்படியே. சங்கத்துக்கும் பொறுப்பாளர்களுக்கும் சேர்த்தே அபராதம் வரும். மருந்து வியாபாரிகள் சங்கங்கள் சில, தங்களிடம் தடையில்லாக் கடிதம் வாங்காமல் புது ஸ்டாக்கிஸ்ட், அதாவது மொத்த விநியோகஸ்தர், போடக் கூடாது என்று கம்பெனிகளை நெருக்கியதற்காகப் போட்டி ஆணையத்திடம் அபராதம் வாங்கியிருக்கின்றன. யாருக்குச் சரக்கு போகலாம், போகக் கூடாது என்று சங்கம் சொல்வதும் இதில் அடங்கும்.

‘நம்ம மார்க்கெட் நிலவரமே விலைப்பட்டியல்தானே’ என்று உடனே கேட்பீர்கள். நடந்து முடிந்த வியாபாரத்தின் விலையை வெளிப்படையாக எல்லாரும் பார்க்கும்படி சொல்வது அது. நாளைக்கு இந்த விலைக்குக் குறைத்து விற்காதே என்று கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது வேறு. வாட்ஸ்அப் குழுவில் ‘எல்லாரும் டின்னுக்கு இருபது ரூபாய் ஏத்துங்க’ என்று ஒருவர் போட்டால் உடனே நீக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியே சாட்சியாகிவிடும்.

சரக்கு வாங்கிட்டு ஆறு மாசமா காசு தரல. பேரை குழுவுல போட்டா மத்தவங்களாவது ஏமாறமாட்டாங்களே?

நியாயமான கோபம். ஆனாலும் போடாதீர்கள். அவதூறு வழக்கு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ம் பிரிவில் வரும். நீங்கள் சொல்வது உண்மையே என்றாலும், பொது நன்மைக்காகத்தான் வெளியிட்டேன் என்பதையும் நீதிமன்றத்தில் நீங்கள்தான் காட்ட வேண்டும். பாக்கி வைத்தவர் வாதியாகி, பாக்கி வர வேண்டியவர் எதிரியாக நிற்கும் நிலைமை எதற்கு?

வழிகள் இருக்கின்றன. காசோலை திரும்பியிருந்தால், வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்த 15 நாளில் பணம் வரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ம் பிரிவில் வழக்கு. இந்த நாள் கணக்கைத் தவறவிட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம். நீங்கள் உத்யம் பதிவுள்ள குறு, சிறு ஆலைக்காரராக இருந்தால், வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளுக்குள். தவறினால் கூட்டு வட்டி உண்டு, அதற்கான ஒன்றிய அரசின் இணையதளத்தில் புகார் தரலாம். 2023-24 நிதியாண்டிலிருந்து, உரிய காலத்தில் கொடுக்காத பாக்கியை வாங்கியவர் அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதைச் சொன்னாலே சிலர் பணத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். முன்னே சொன்னபடி, வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆலைக்காரரிடம் மூன்று மாதக் கடனில் எண்ணெய் எடுக்கும் மளிகைக்காரர் இதை இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும்.

இவை எதற்கும் முன்னால் சங்கத்தில் ஒரு மனு கொடுத்து, பெரியவர்கள் இருவர் முன்னிலையில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவது நல்லது. இரண்டு கணக்கு நோட்டையும் விரித்து வைத்தால் பாதித் தகராறு அங்கேயே தீரும். ஒருவர் எழுதிய சரக்குத் திருப்பல் மற்றவர் நோட்டில் ஏறியிருக்காது.

வாசல்ல தள்ளுவண்டி நிக்குது. சங்கம் ஏன் எடுக்கச் சொல்லல?

2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதை நகர விற்பனைக் குழு பார்க்க வேண்டும். அதில் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதம், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வியாபாரிகள் சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. நாம் பேச வேண்டிய இடம் அந்தக் குழு. நம் பிரதிநிதி அந்தக் கூட்டத்துக்குப் போகிறாரா என்று கேளுங்கள்.

அவரும் வியாபாரிதான். அவரிடம் பூ வாங்க வருபவர் உங்களிடம் பத்தி வாங்கிப் போகிறார். வாசலை மறைக்கிறார் என்றால் அளவு கோடு போட்டு நிறுத்தச் சொல்லலாம். பிழைப்பையே எடுக்கச் சொல்லும் மனுவுக்கு என்னிடம் கையெழுத்து கேட்காதீர்கள்.

கணக்கு கேட்டா பகைச்சுக்கிறாங்க. கேட்கலாமா, கூடாதா?

கேட்கலாம், கேட்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவான சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கை வைத்து, பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. தேர்தலே நடத்தாமல் ‘ஏகமனதாக’ என்று மினிட்ஸில் எழுதிக்கொண்டே போகும் சங்கங்கள் எத்தனையோ ஊரில் உண்டு.

முதலில் பொதுக்குழுவுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். எந்தத் தலைப்பில் எவ்வளவு, ரசீது எண் என்ன என்று குறிப்பாகக் கேளுங்கள். மேடையில் சத்தம் போட்டால் பதிலும் சத்தமாகத்தான் வரும். எழுத்துக்குப் பதில் இல்லை என்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுப் பதிவாளரிடம் விசாரணை கோரலாம். அந்த அளவுக்குப் போகாமல் இருக்க எளிய வழி ஒன்று உண்டு. மாத வரவு செலவைச் சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அச்சடிப்பது. டீ செலவு உட்பட. மகமைக் காசு எங்கே போனது என்று கொடுத்தவருக்குத் தெரிந்தது என்று மேலே சொன்னேனே, அதை இன்றைக்கு இப்படித்தான் செய்ய முடியும். எங்கள் செயற்குழுவில் இதைப் பற்றி இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. வரும் பொதுக்குழுவில் தீர்மானமாகவே கொண்டுவர இருக்கிறேன், வழிமொழிய ஆள் வேண்டும்.

வயசாயிடுச்சு, பிள்ளைங்க சென்னையில. கடையை மூடப் போறேன். சங்கத்துல இருந்து பேரை எடுத்துரட்டுமா?

கடை இல்லை என்றால் ஓட்டுரிமை போகும், அது சரிதான். பல சங்கங்களில் கௌரவ உறுப்பினராக இருக்கத் துணைவிதியில் இடம் உண்டு. உங்கள் சங்கத்தில் இல்லை என்றால் சேர்க்கச் சொல்லலாம். கடன் பாக்கிப் பேச்சுக்குப் பெரியவர்கள் இருவர் என்று மேலே சொன்னது உங்களைப் போன்றவர்களைத்தான். இரண்டு பக்கமும் வியாபாரம் இல்லாதவர் சொன்னால் இரண்டு பக்கமும் கேட்கும்.

கடையைக் காலி செய்யும்போது பழைய பேரேடுகளையும் விலைச்சீட்டுக் கட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த வருடம் மல்லி என்ன விலை போனது, எந்த மழைக்கு வரத்து நின்றது என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. கடன்காரர் பெயர் உள்ள பக்கங்களை மட்டும் எடுத்துவிட்டு, மீதியைச் சங்க அலுவலகத்துக்குக் கொடுத்து அனுப்புங்கள். ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நானே வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன்.